எந்த சிம்மில் நெட் நன்றாக வரும்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எந்த சிம்மில் நெட் நன்றாக வருகிறது?" என்று கேட்டால் பதில் சொல்லாதவர் கிடையாது. ஒருவர் தன் போனில் 90 எம்பிபிஎஸ் வேகம் வருவதைக் காட்டுவார். அதே நிறுவனத்தின் சிம்மை வைத்திருக்கும் இன்னொருவர், ஒரு படம் அனுப்பவே மூன்று நிமிடம் ஆகிறது என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். நிற்கும் இடம், அந்த நேரம், கையில் உள்ள போன், போட்டிருக்கும் பிளான் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. எங்கே, எப்போது அளந்தது என்று சொல்லாத வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதை நான் அம்மா விஷயத்தில் தெரிந்துகொண்டேன். அவருடைய வீட்டில் வீடியோ கால் அடிக்கடி நின்றுபோனது. வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம் என்று ஒரு காலை நேரத்தில் வாசலில் நின்று இரண்டு சிம்களையும் சோதித்தேன். புதியதில் மூன்று மடங்கு வேகம். நம்பரை மாற்றாமல் அந்த நிறுவனத்துக்கு மாறினோம். ஆனால் அம்மா பேசுவது உள் அறையில், இரவு எட்டு மணிக்கு மேல். அங்கே நிலைமை முன்பைவிட மோசமானது. "உன் முகம் அப்படியே நிக்குதுப்பா" என்று அவர் காத்திருந்த இரவுகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவர் எங்கே உட்கார்கிறார், எப்போது பேசுகிறார் என்ற இரண்டையும் நான் சோதிக்கவே இல்லை.

வாசலில் சோதித்துவிட்டு உள் அறையில் பயன்படுத்துவது

மிகப் பெரிய தவறு இதுதான். மொபைல் சிக்னல் பல அலைவரிசைகளில் வருகிறது, அவற்றின் குணமும் வேறு வேறு. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அவற்றில் டேட்டா போக இடம் குறைவு. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான சேனல் கிடைக்கும். வேகம் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அந்த அலைகள் எட்டும் தூரம் குறைவு, கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் பெருமளவு வலுவிழந்துவிடும். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மில்லிமீட்டர் அலைகளை மரத்தின் இலைகளும் போனைப் பிடித்திருக்கும் கையும்கூடத் தடுத்துவிடும்.

ஜன்னல் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைப்போம். அதுவும் எப்போதும் சரியல்ல. வெப்பம் உள்ளே வராமல் இருக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி, சிக்னலை 20 டெசிபலுக்கு மேல்கூடக் குறைக்கும். 20 டெசிபல் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது என்று பொருள்.

அதனால்தான் வெளியே முந்துகிற நிறுவனம் உள்ளே பிந்திப்போகிறது. ஒரு நிறுவனத்தின் டவரில் அந்தப் பகுதிக்குத் தாழ்ந்த அலைவரிசை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. வாசலில் நின்றால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நீங்கள் வேலை செய்யும் மேசை, படுக்கும் அறை, தினமும் போகும் வழி, அலுவலகத்தில் உட்காரும் மூலை என்று ஐந்தாறு இடங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனை அங்கேதான் நடக்க வேண்டும். இரண்டு சிம்களையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரி பிடித்துப் பாருங்கள். ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றொன்றைக் கட்டிலிலும் வைத்துச் சோதித்தால் நீங்கள் ஒப்பிடுவது நிறுவனங்களை அல்ல, ஜன்னலையும் கட்டிலையும்தான்.

ஒரு நேரத்தில் மட்டும் பார்ப்பது

டவரில் இருந்து வருவது உங்களுக்கென்று தனியாக விட்ட இணைப்பு கிடையாது. ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பல வயல்கள் பங்கு போட்டுக்கொள்வது மாதிரி, அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் ஒரே கொள்ளளவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு 80 எம்பிபிஎஸ் காட்டும் இடம், எல்லோரும் வீடியோ பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு 4 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கலாம். சிக்னல் முழுதாக இருந்தும் நெட் ஊர்கிறதே என்று பலரும் குழம்புவது இங்கேதான். டவர் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அதில் கூட்டம் நிறைந்திருக்கும். அல்லது டவரைப் பின்னால் இணைக்கும் ஃபைபரோ மைக்ரோவேவ் இணைப்போ அந்த அளவைத் தாங்காமல் இருக்கும்.

ஆகவே நெரிசல் நேரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் கூட்டம் இடம் மாறும் என்பதால் இரண்டிலும் பார்ப்பது நல்லது. ஒரு சிம்மைச் சோதித்த சில நிமிடங்களுக்குள் மற்றதையும் சோதித்துவிடுங்கள். இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று அளந்தால் அது ஒப்பீடு ஆகாது.

கோடுகளை நம்புவது

போனின் மேல் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. எத்தனை கோடு காட்டுவது என்று பெரும்பாலும் போன் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். 2010 ஜூலையில், ஐபோன் 4 வந்த புதிதில், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்றும், பல நேரங்களில் காட்ட வேண்டியதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டுகிறது என்றும் ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. வேறு வேறு போன்களில் உள்ள கோடுகளை எண்ணி இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கோட்டுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான எண் டிபிஎம் என்ற அலகில் வரும். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் ஸ்டேட்டஸில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை திறக்கும். 4ஜியில் சிக்னல் வலுவைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற அளவைப் பாருங்கள். எண் மைனஸில் இருக்கும், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. சுமாராக மைனஸ் 85 வலுவானது, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 110க்குக் கீழே போனால் இணைப்பு தடுமாறும். மைனஸ் 90க்கும் மைனஸ் 100க்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்து மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் சிக்னல் வலுவே வேகம் ஆகிவிடாது. பக்கத்து டவர்களின் இரைச்சல் கலந்தால் வலுவான சிக்னலும் பாழாகும். அதைக் காட்டுவது எஸ்ஐஎன்ஆர். அது 20க்கு மேல் இருந்தால் அருமை, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் மோசம். அப்புறம் சேனலின் அகலம். 10 மெகாஹெர்ட்ஸ் வாய்க்காலில் தண்ணீர் தளும்பி ஓடினாலும், 100 மெகாஹெர்ட்ஸ் வாய்க்காலில் பாதி ஓடும் தண்ணீர் அதைவிட அதிகம்.

5ஜி என்ற எழுத்தும் இப்படித்தான். பல இடங்களில் 5ஜி, 4ஜியின் மேல் சாய்ந்து இயங்குகிறது. அந்த டவரில் 5ஜி வசதி உண்டு என்பதற்காகவே போன் 5ஜி என்று காட்டலாம். உங்கள் டேட்டா அந்த நொடியில் 5ஜியில்தான் வருகிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

சோதனை செய்யும் முறையிலேயே வரும் தவறுகள்

வைஃபையை அணைக்க மறந்துவிட்டு சிம்மைச் சோதிப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். டேட்டாவை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேகம்தான் வரும். பின்னணியில் ஆப்கள் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தாலும் எண் குறையும். பேட்டரி சேமிப்பு முறையில் சில போன்கள் 5ஜியை விட்டு 4ஜிக்கு இறங்கிவிடும், சூடேறிய போனும் அப்படிச் செய்யும்.

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. டவுன்லோடு ஆகும்போது ஆப் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். எனவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். இது தெரியாமல் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஆப்பில் சோதிக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, வரக்கூடிய அதிகபட்சத்தை அளக்கிறது. ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிடம் இருந்து அளக்கிறது. இரண்டில் எதுவும் பொய் இல்லை, அளப்பது வேறு, அவ்வளவுதான். ஒரு சிம்மை ஒன்றிலும் மற்றொரு சிம்மை இன்னொன்றிலும் சோதிக்காதீர்கள். ஸ்பீடுடெஸ்ட்டில் தானாகத் தேர்வாகும் சர்வர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும் என்பதால், இரண்டுக்கும் ஒரே சர்வரைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல் முடிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். சும்மா கிடந்த போன் வேலை வந்த பிறகுதான் கூடுதல் அலைவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளும். குறைந்தது ஐந்து முறை அளந்துவிட்டு நடு மதிப்பை, அதாவது எண்களைச் சிறியதிலிருந்து வரிசையாக வைத்தால் நடுவில் வருவதைப் பாருங்கள், சராசரியை அல்ல. 3, 4, 4, 5, 84 என்று ஐந்து எண்கள் வந்தால் சராசரி 20, நடு மதிப்பு 4. தினமும் உங்களுக்குக் கிடைக்கப்போவது 4தான். டேட்டா செலவையும் கவனியுங்கள். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் பத்து நொடி டவுன்லோடு சோதனைக்கே 375 மெகாபைட் போய்விடும்.

டவுன்லோடை மட்டும் பார்ப்பது

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 1080பி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ், 4கே வீடியோவுக்கு 15 எம்பிபிஎஸ் போதும். 200க்கும் 300க்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலானவர்களின் அன்றாடப் பயன்பாட்டில் தெரியவே தெரியாது. வீடியோ காலையும் ஆன்லைன் விளையாட்டையும் கெடுப்பது பிங் நேரம் (போனிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்), அது ஏறி இறங்குவது, அப்லோடு வேகம் ஆகிய மூன்றும். வீட்டுக்குள் இருந்து டவருக்குத் திரும்பிப் பேசுவது உங்கள் சின்ன போன், அதன் பலம் டவரின் பலத்தில் மிகச் சிறிய பங்குதான். அதனால் சிக்னல் குறைந்த இடத்தில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அப்லோடு. நீங்கள் அவரைத் தெளிவாகப் பார்ப்பீர்கள், அவருக்கு உங்கள் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். சும்மா இருக்கும்போது 30 மில்லிநொடியாக இருக்கும் பிங், டவுன்லோடு ஓடும்போது 500க்கு ஏறுகிறதா என்றும் பாருங்கள். சில ஆப்கள் இதைத் தனியாகவே காட்டும்.

போனையும் பிளானையும் மறப்பது

ஒரு நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசை உங்கள் போனில் இல்லை என்றால், அந்த அலைவரிசையால் உங்களுக்குப் பயன் இல்லை. நண்பரின் புதிய போனில் வரும் வேகம் உங்கள் பழைய போனில் வராமல் போகலாம். முடிந்தால் ஒரே போனில் சிம்மை மாற்றிச் சோதியுங்கள். இரட்டை சிம் போனில் டேட்டாவுக்கு எந்த சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிளானில் அன்றைய அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்ட நிலையில் சோதித்தால் அந்த எண்ணுக்கும் டவருக்கும் சம்பந்தம் இல்லை. வேறொரு நிறுவனத்தின் டவர்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் சேவைகளும் உண்டு. அவற்றில் சிக்னல் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும், ஆனால் நெரிசல் நேரத்தில் முன்னுரிமை குறையலாம்.

வரைபடத்தையும் தரவரிசையையும் அப்படியே ஏற்பது

நிறுவனங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடம் பெரும்பாலும் கணக்கீடு. டவரின் உயரம், நிலத்தின் மேடு பள்ளம் ஆகியவற்றை வைத்து கணினி போட்ட கணிப்பு. பல வரைபடங்கள் திறந்த வெளியைத்தான் மனதில் வைத்திருக்கும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, மூன்று நிறுவனங்களின் வரைபடங்களைச் சரிபார்க்க ஊழியர்களை வண்டியில் அனுப்பியது. ஏறத்தாழ 10,000 மைல் ஓட்டிப் பார்த்து 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், வரைபடம் சொன்ன குறைந்தபட்ச வேகம் 62.3 சதவீத சோதனைகளில் மட்டுமே கிடைத்தது என்று சொன்னது. அந்தக் குறைந்தபட்சமே வெறும் 5 எம்பிபிஎஸ்தான்.

மக்கள் செய்த சோதனைகளைத் தொகுத்து வரும் தரவரிசைகள் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அவற்றிலும் ஒரு ஓட்டை உண்டு. டவரே கிடைக்காத இடத்தில் யாரும் சோதனையை முடிக்க முடியாது. எனவே மிக மோசமான இடங்கள் வேகக் கணக்கில் சேராமலே போய்விடும். வேகத்தில் முதலிடம் பிடித்த நிறுவனம், குறைவான இடங்களில் மட்டும் இருந்துகொண்டே அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். வேகத்தோடு, எவ்வளவு நேரம் சிக்னல் கிடைத்தது என்ற எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். நாடு முழுவதற்குமான வெற்றியாளர் உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

சரி, அப்படியென்றால் எப்படித்தான் முடிவு செய்வது? மாறுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் சின்ன பிளான் ஒன்றை வாங்கி இரண்டாவது சிம்மாகப் போட்டு, ஒரு வாரம் அதிலேயே டேட்டாவை ஓட்டிப் பாருங்கள். இடம், நேரம், டவுன்லோடு, அப்லோடு, பிங், டிபிஎம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நெட் நின்றுபோன நிமிடங்களையும் எழுதுங்கள், அவைதான் வேகத்தைவிட முக்கியம். பழைய நம்பரை அதுவரை தொடாதீர்கள்.

அம்மாவுக்கு இரண்டாவது முறை நாங்கள் இப்படித்தான் செய்தோம். மூன்று நிறுவனங்களின் சிம்கள், அதே உள் அறை, அவர் உட்காரும் அதே நாற்காலி, இரவு எட்டரை மணி, நான்கு நாள். கடைசியில் எடுத்த சிம்மில் டவுன்லோடு 12 எம்பிபிஎஸ்தான் வந்தது, மூன்றில் அதுவே குறைவு. ஆனால் அப்லோடு 5க்குக் கீழே இறங்கவில்லை, பிங் நான்கு நாளும் ஒரே மாதிரி இருந்தது, பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு முறைகூட அவர் முகம் நிற்கவில்லை.