தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை: எந்த எலும்பை, எதற்காக, எப்படி நகர்த்துகிறார்கள்?

“தாடை எலும்பை வெட்டி நகர்த்தி வைக்கணும்” என்று டாக்டர் சொன்னதும், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதுவும் பலருக்குக் காதில் ஏறுவதில்லை. ஆபரேஷன் ஒரே நாள்தான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல் கிளிப்போடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை ஆகும். அந்த நீண்ட பயணத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், கத்தி மீதான பயம் பாதியாகிவிடும்.

படி 1: கோளாறு பல்லிலா, எலும்பிலா?

கண்ணாடி முன் நில்லுங்கள். எச்சிலை விழுங்கி, கடவாய்ப் பற்கள் தானாக எங்கே சேருமோ அங்கேயே கடித்துக்கொள்ளுங்கள். விரலால் உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட 2-3 மி.மீ. முன்னால் இருந்து, அதே அளவுக்கு அவற்றை மூடியும் இருந்தால் அது இயல்பான கடி. கீழ்ப் பற்கள் முன்னால் வந்திருந்தாலோ, மேலும் கீழும் தொடாமல் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, மேல் பற்கள் வெகுதூரம் முன்னே நின்றாலோ கடியில் கோளாறு இருக்கிறது.

அது பல் சாய்ந்ததால் வந்ததா, தாடையே கூடுதலாகவோ குறைவாகவோ வளர்ந்ததால் வந்ததா என்பதைக் கண்ணாடி சொல்லாது. பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரேயில் கோணங்களை அளந்துதான் முடிவு செய்வார்கள். முகம் ஒருபக்கம் கோணியிருந்தால் 3டி ஸ்கேனும் தேவைப்படும்.

லேசான எலும்புக் கோளாறாக இருந்தால், பல்லைப் பிடுங்கி, கிளிப் போட்டு, கடியை மட்டும் ஒப்பேற்றிவிட முடியும். அது தவறில்லை. ஆனால் அப்படிச் செய்துவிட்டு, “முகமும் சரியாகணும்” என்று பிறகு ஆபரேஷனுக்குப் போனால், இழுத்த பற்களைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் முதல் பல்லைப் பிடுங்கும் முன்பே பல் சீரமைப்பு நிபுணரையும் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரையும் பார்த்து, இருவரும் ஒரே திட்டத்தில் இருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: வளர்ச்சி நிற்கட்டும்

எலும்பு வளரும் வயதில் ஆபரேஷன் செய்தால், மீதி வளர்ச்சி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். பொதுவாகப் பெண்களுக்கு 16 வயதும் ஆண்களுக்கு 18 வயதும் தாண்ட வேண்டும். கீழ்த்தாடை முன்னால் வளர்பவர்களுக்கு இன்னும் தள்ளிப்போகலாம். சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

படி 3: கிளிப் போட்டதும் முகம் மோசமாகும், பயப்படாதீர்கள்

பலர் பாதியில் விட்டுவிட்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். கீழ்த்தாடை நீண்டவர்களுக்குக் கீழ்ப் பற்கள் உள்ளே சாய்ந்தும் மேல் பற்கள் வெளியே சாய்ந்தும் இருக்கும். தாடையின் குறையை மறைக்க உடல் தானாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது. கிளிப் அந்த ஏற்பாட்டைக் கலைத்து, ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின் மீது நேராக நிறுத்தும். உடனே தாடைகளுக்கு நடுவேயுள்ள உண்மையான வித்தியாசம் வெளியே தெரியும். கடி முன்பைவிடக் கோணலாகும். இது தோல்வி அல்ல. இந்த வித்தியாசம் முழுதாகத் தெரிந்தால்தான் எலும்பைச் சரியான அளவுக்கு நகர்த்த முடியும்.

இந்தக் கட்டம் பெரும்பாலும் 12-18 மாதம் எடுக்கும். கீழ்த்தாடையில் புதைந்திருக்கும் ஞானப்பல்லைச் சில டாக்டர்கள் ஆறு மாதம் முன்னதாகவே எடுத்துவிடச் சொல்வார்கள், வெட்டும் இடத்தில் எலும்பு நன்றாக ஆறியிருக்கட்டும் என்பதற்காக.

படி 4: மூன்று அறுவைகள்

மேல்தாடை: இதன் பெயர் லெ ஃபோர்ட் 1. மேல்தாடை எந்தக் கோடுகளில் உடைகிறது என்று 1901-ல் ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு டாக்டர் ரெனே லெ ஃபோர்ட்டின் பெயர்தான் அது. மேலுதட்டின் உட்பக்கம் ஈறுக்கு மேலே கீறி, பல் வேர்களுக்கு மேலாக எலும்பைக் கிடையாக வெட்டுவார்கள். பற்களோடு சேர்ந்த மேல்தாடை கீழே இறங்கிவரும். அண்ணத்தின் சதை ஒட்டியபடியே இருப்பதால் அதற்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். பிறகு முன்னே, மேலே, பக்கவாட்டில், எங்கே வேண்டுமோ அங்கே வைப்பார்கள். சிரித்தால் ஈறு அதிகம் தெரிபவர்களுக்கு மேலே தூக்கி வைப்பதும் இதில்தான்.

கீழ்த்தாடை: அதிகம் கேள்விப்படுவது இரு பக்கமும் நீளவாக்கில் பிளக்கும் முறை. 1950-களில் டாக்டர் ஓப்வெகெசர் வகுத்த இந்த முறையை 1961-ல் டாக்டர் டால் பான்ட் மேம்படுத்தினார். கடவாய்ப் பல்லுக்குப் பின்னால் எலும்பைக் குறுக்கே துண்டிக்காமல், வெளிப்படலம் உட்படலம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தீப்பெட்டியின் உறைக்குள் உள்பெட்டி நகர்வதுபோல, பற்கள் உள்ள பகுதி முன்னோ பின்னோ நகரும். நகர்ந்த பிறகும் எலும்போடு எலும்பு பரந்து ஒட்டியிருப்பதால் சேர்வது எளிது. முக்கியமான சிக்கல் ஒன்று: உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு இந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது.

மோவாய்: பல் வேர்களுக்குக் கீழே மோவாய் நுனியை மட்டும் வெட்டி நகர்த்துவது. கடி மாறாது, முகத்தின் வடிவம் மாறும்.

மேலும் கீழும் சேர்த்து ஒரே நாளில் செய்வது இன்று சாதாரணம். அதற்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். முழு மயக்கத்தில், மூச்சுவிட உதவும் குழாயை மூக்கு வழியாக விட்டுச் செய்வார்கள். கீறல் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே என்பதால் முகத்தில் தழும்பு தெரியாது. எலும்பைச் சிறிய டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துவார்கள். தொந்தரவு தராதவரை அவை உள்ளேயே இருக்கும்.

படி 5: முதல் ஆறு வாரம்

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடியும். மிச்சம் சில மாதம் இழுக்கும். வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருக்கலாம். தலையை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள். மேல்தாடை செய்தவர்கள் மூக்கைச் சிந்தக்கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதலில் திரவம், பிறகு மெல்லத் தேவையில்லாத உணவு. எலும்பு ஆறவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். உடம்பு இளைப்பது சகஜம். புகைப்பவர்கள் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். காயம் ஆறுவதைப் புகை கெடுக்கும்.

கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது கீழ்த்தாடை செய்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். பலருக்கு வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் உணர்வு திரும்பும். சிலருக்குச் சிறு பகுதி நிரந்தரமாக மரத்தே இருக்கும், வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடும். உதட்டின் அசைவு வேறு நரம்பின் வேலை என்பதால் பேச்சும் சிரிப்பும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. சீழ், கடும் ரத்தப்போக்கு, திடீரெனக் கடி மாறுவது, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: எந்த எலும்பு எத்தனை மி.மீ. நகரப்போகிறது? மேல்தாடை நகர்ந்தால் மூக்கு அகலமாகுமா, அதைத் தடுக்க என்ன செய்வீர்கள்? நகர்த்தியது பழையபடி பின்வாங்கும் வாய்ப்பு எவ்வளவு? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தாடையைப் பின்னே தள்ளினால் மூச்சுப்பாதை குறுகக்கூடும். முன்னே கொண்டுவந்தால் அகலும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கிளிப் இருக்கும். அதைக் கழற்றிய நாளிலிருந்து, பல் நகராமல் பிடித்துவைக்கும் ரீடெய்னரை டாக்டர் சொல்லும்வரை போட்டே ஆகவேண்டும்.