மல்டிகோர் புரோகிராமில் வேகத்தைத் தின்னும் கேச் தவறுகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் வார இறுதிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு சி++ சொல்லித் தருகிறேன். எங்கள் காலத்துக் கோளாறுகளையே ஒவ்வொரு பேட்ச்சும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே மாறியைத் தொடும்போது, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக்கைப் போட மறப்பதையெல்லாம் விட்டுவிடுவோம். அதைப் பாடப்புத்தகமே திட்டும். விடை சரியாக வந்து வேகம் மட்டும் படுத்துவிடுகிற தவறுகளைப் பார்ப்போம்.

ஆளுக்கொரு கவுண்டர், எல்லாம் ஒரே லைனில்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஏற்காட்டிலிருந்து வரும் பையன் ஒருவன், காப்பி இலைப் படங்களில் துருநோய்ப் புள்ளிகளை எண்ணும் புராஜெக்ட் செய்தான். படத்தை எட்டுப் பட்டையாக வெட்டி, எட்டு த்ரெட்டுக்கும் ஆளுக்கொரு கவுண்டர். யாரும் அடுத்தவர் கவுண்டரைத் தொடுவதில்லை, லாக்கே வேண்டாம் என்று ஒரே பெருமை. ஓட்டினால் ஒற்றை த்ரெட்டை விட மெதுவு. "லேப்டாப் பழசு சார்" என்றான்.

லேப்டாப் மேல் பழி போட வேண்டாம். ஒரு கவுண்டர் 8 பைட். எட்டும் சேர்ந்து 64. சிப்பில் உள்ள ஒவ்வொரு கோரும் (கணக்குப் போடும் பகுதி) தன் பக்கத்தில் கேச் என்ற சிறிய, வேகமான நினைவகத்தை வைத்திருக்கும்; அதில் தரவு லைன் லைனாகத்தான் வந்து உட்காரும். இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஒரு கேச் லைனும் 64 பைட். அதனால் மொத்த வரிசையும் ஒரு லைனில், மிஞ்சினால் இரண்டில் அடங்கிவிடும். கோர்களுக்கிடையே கைமாறுவதோ முழு லைன். 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மெஸி நெறிமுறையிலும் (கோர்களின் கேச் பிரதிகள் முரண்படாமல் பார்த்துக்கொள்ளும் விதிகள்) அதன் வழிவந்தவற்றிலும், ஒரு கோர் எழுத வேண்டுமென்றால் மற்ற கோர்களில் உள்ள பிரதிகள் செல்லாமல் போக வேண்டும். சிவதாபுரம் வெள்ளிப் பட்டறையில் எட்டுப் பேருக்கும் ஒரே கணக்கு நோட்டு, ஆளுக்கொரு வரி என்று வையுங்கள். அவரவர் வரியில்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் நோட்டைப் பிடுங்கியாக வேண்டும். கொலுசு எங்கே நகரும்?

இதில் ஒரு குசும்பும் உண்டு. ஆப்டிமைசேஷன் போட்டு கம்பைல் செய்தால், கம்பைலர் கவுண்டரை ரெஜிஸ்டரிலேயே (கோருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) வைத்துக்கொண்டு பிரச்சினையை மறைத்துவிடலாம். "சரியாயிடுச்சு சார்" என்பார்கள். கவுண்டரை அட்டாமிக் (இடையில் யாரும் புக முடியாமல் ஒரே மூச்சில் மாறுவது) ஆக்கிப் பாருங்கள், பிரச்சினை திரும்ப வந்து நிற்கும்.

ஒவ்வொரு த்ரெட்டும் தனக்குள் ஒரு லோக்கல் மாறியில் எண்ணி, கடைசியில் ஒரே ஒரு தடவை வரிசையில் எழுதட்டும். அது முடியாத இடத்தில் அலைன்ஆஸ் 64 (64 பைட் எல்லையில் தொடங்கச் சொல்லும் சி++ குறிப்பு) போட்டுத் தனி லைனுக்குத் தள்ளுங்கள். ஆப்பிளின் எம் வகை சிப் என்றால் 128. எந்த லைன் இழுபறியில் இருக்கிறது என்பதை லினக்ஸில் பெர்ஃப் சி2சி என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

வோலடைல் போட்டால் போதும் என்பது

த்ரெட்கள் பகிரும் மாறிக்கு முன்னால் வோலடைல் என்ற சொல்லைப் போட்டால் பத்திரம் என்று நினைப்பார்கள். சி, சி++இல் அது போதாது. ஜாவா வேறு கதை.

லாக்கைப் பார்க்காமலே முட்டுவது

ஸ்பின்லாக்கில் (லாக் கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி முயலும் லாக்) சுற்றுக்குச் சுற்று அட்டாமிக் எக்ஸ்சேஞ்ச் (பழைய மதிப்பை எடுத்துக்கொண்டு புதியதை எழுதுவது) செய்தால், லாக் கிடைக்காவிட்டாலும் அது எழுத்துதான். லைன் ஒவ்வொரு முறையும் பிடுங்கப்படும். முதலில் வெறுமனே படித்துக் காத்திருங்கள், காலியான பிறகு எக்ஸ்சேஞ்ச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் 64 பைட்டாக ஊதுவது

வேண்டாம். கோருக்கு மிக அருகிலுள்ள எல்1 கேச் 32 கேபி என்றால், அதில் மொத்தமே 512 லைன். வெவ்வேறு கோர்கள் அடிக்கடி எழுதும் மாறிகளுக்கு மட்டும் இடம் விடுங்கள். படிக்க மட்டும் பயன்படும் டேபிளை எட்டு கோரும் ஆளுக்கொரு பிரதி வைத்துப் படித்தால், எதையும் செல்லாததாக்க வேண்டிய வேலையே வராது.