விறகு பாய்லர் லைனில் காற்றா? முதலில் பம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள்

போன மாதம் வெள்ளகோவில் பக்கத்துத் தேங்காய்க் களம் ஒன்றிலிருந்து போன். ஃபிட்டர் வேலைக்குப் புதிதாக வந்த பையன். "அண்ணா, கடைசி ரூம் மட்டும் சூடே ஏறலைங்க. தெனமும் காத்து எடுக்கறேன், ஒரு மணி நேரம் நல்லா ஓடுது, மறுபடியும் அடைச்சுக்குது. ஒரு எச்பி மோட்டாரைக் கழட்டிப்போட்டு மூணு எச்பி மாட்டிரலாம்னு இருக்கறேன். சரிங்களாண்ணா?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் யாரையும் கேட்காமலே அந்த மூன்று எச்பியை மாட்டியவன். அதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் கொப்பரை களத்தில் காயாது. தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்கு இறக்கினால்தான் பூஞ்சை பிடிக்காத கொப்பரை. அதனால் வெளியே தகரக் கொட்டகையில் ஒரு விறகு பாய்லர். தென்னை மட்டையோ சீமைக்கருவேல் விறகோ போட்டுத் தண்ணீரை 80, 85 டிகிரிக்குச் சூடாக்கி, பைப்பில் டிரையர் ரூமுக்கு அனுப்புவோம். அங்கே இருக்கும் காயிலின் (வளைத்து வளைத்துப் போட்ட குழாய் வரிசை) மேல் ஃபேன் ஊதும், ரூமுக்குச் சூட்டுக்காற்று கிடைக்கும், ஆறிய தண்ணீர் ரிட்டர்ன் லைனில் பாய்லருக்கே வரும். இது ஸ்டீம் பாய்லர் அல்ல. தண்ணீர் தொட்டியின் தலை திறந்தே இருக்கும், உள்ளே அழுத்தம் கிடையாது. இந்தக் கடைசி வரியை மனதில் வையுங்கள்.

வால்வைத் திறக்க மறந்தது, மூன்று ஃபேஸில் இரண்டு வயர் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றியது, ஜாயிண்ட் ஒழுகியது எல்லாம் இங்கே வராது. அவை ஒரு நாளில் தெரிந்துவிடும். தெரியாமல் மாதக்கணக்கில் காசு தின்னும் தவறுகள்தான் இங்கே.

மேலேயிருந்து மடமடவென்று நிரப்புவது

தொட்டி வாயில் ஹோஸைச் செருகி, ஃபுல் ஸ்பீடில் தண்ணீர் விட்டு, நிறைந்ததும் பம்பைப் போட்டுவிடுவார்கள். காற்று எந்த வழியாக வெளியே போகும்? ஒவ்வொரு ரூமின் காயிலிலும் அங்கங்கே குந்திக்கொள்ளும். லைனின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டிரெயின் காக் (தண்ணீர் வடிக்கும் சின்னத் திருகு குழாய்) வைத்து, அதன் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாக நிரப்புங்கள். தண்ணீர் ஏற ஏற, காற்று தானாக மேலே ஒதுங்கும். ஒரு நேரத்தில் ஒரு ரூம் வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். அந்த ரூமின் கடைசி முனையில் குமிழி இல்லாமல் தண்ணீர் வந்த பிறகு அடுத்த ரூம்.

அப்படியே நிரப்பினாலும் முதல் மூன்று நாள் காற்று வரத்தான் செய்யும். பச்சைத் தண்ணீருக்குள்ளேயே காற்று கரைந்திருக்கிறது. 1000 லிட்டர் தண்ணீரில் 15 லிட்டருக்கு மேல். தண்ணீர் சூடாகும்போது அதில் பெரும்பகுதி பிரிந்து வெளியே வரும். புது லைனில் இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். நாலாவது நாளும் வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

பெரிய பம்பு

நாம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். தெருவுக்கொரு பம்பு கம்பெனி பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் பம்புதான் மருந்து. கிணற்றில் தண்ணீர் ஏறவில்லையா, பெரிய பம்பு. டிரையர் சூடாகவில்லையா, அதற்கும் பெரிய பம்பு.

காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் போட்ட லைன் இது. பாய்லர் கொட்டகைக்கும் டிரையர் ரூமுக்கும் நடுவே லாரி போகும் தடம். கொப்பரை மூட்டை ஏற்றிய லாரி தாராளமாகப் போகட்டும் என்று சப்ளை, ரிட்டர்ன் இரண்டு பைப்பையும் 17 அடி உயரத்துக்குத் தூக்கித் தோரணவாயில் மாதிரி தடத்தைத் தாண்டிக் கொண்டுபோனேன். பார்க்க அழகாக இருந்தது. தோட்டத்துக்காரர் அதன் முன்னால் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். உச்சியில் காற்று சேரும் என்று தெரியாதவனா நான்? ஆளுக்கொன்றாக இரண்டு பைப்பிலும் ஆட்டோ ஏர் வென்ட், அதாவது காற்றைத் தானாக வெளியே விடும் மிதவை வால்வு வைத்தேன். அதோடு கையால் திறக்கிற காக் ஒன்றும் வைத்தேன். பம்பை ரிட்டர்ன் லைனில், பாய்லருக்குள் நுழையும் இடத்தில் மாட்டினேன். அங்கே தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும், பம்பு சீல் நிறைய நாள் வரும் என்ற கணக்கு.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் மூன்றாவது ரூம் ஆறிப்போனது. ஏணி போட்டு ஏறி, பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காக்கைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம். ஆஹா, காற்று போகிறது என்று நின்று கேட்டேன். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டு இறங்கினேன். நான் ஏறும்போதெல்லாம் கீழே பாய்லர் தொட்டி நிரம்பி வழிந்தது. விறகு போடுகிற அம்மா, "ஏனுங், நீங்க மேல ஏறுனாலே இது வழியுதுங்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தினமும் இதே கதை. ஒரு எச்பியைக் கழற்றி மூன்று எச்பி மாட்டினேன். மாட்டிய அன்றைக்கே பம்புக்குள் சரளைக்கல் போட்டு உலுக்குகிற மாதிரி 'கரகர' சத்தம். மூன்றாவது ரூமோடு இரண்டாவதும் ஆறியது. அடைமழை வாரம் அது. இரண்டு ரூமில் இருந்த பருப்பு வழுவழுத்து, மஞ்சளும் கறுப்புமாகப் பூஞ்சை பூத்தது. வாங்க வந்த வியாபாரி மூட்டையைக் குத்தி மோந்து பார்த்துவிட்டு, சோப்புக்குத்தான் ஆகும் என்று விலையைப் பாதியாக்கினார். அந்த மீதிப் பாதியில் என் கூலி போனது, மோட்டார் காசு போனது, இரண்டு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டவும் முடியாமல் போனது. இன்றைக்கும் தடத்துக்கு மேலே பைப் போகிற இடத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கடைசியில் வந்து பார்த்தவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேட்டுக்காட்டுக்கு மைல்கணக்கில் பைப்லைன் போட்டே வயதானவர். பாய்லரையெல்லாம் அவர் தொட்டதில்லை. சுற்றி நடந்து பார்த்தார். கொட்டகைப் பிள்ளையார் படத்தில் செருகியிருந்த ஊதுபத்தியை எடுத்து, என்னை ஏணியில் ஏற்றி, பம்பு ஓடும்போதே ஆட்டோ வென்ட் வாயருகே பிடிக்கச் சொன்னார். புகை மேலே போகவில்லை. வென்ட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

"காத்த வெளிய உடறதா நெனச்சுட்டு இத்தன நாளா உள்ள உட்டுட்டு இருந்திருக்கறயே தம்பி" என்றார்.

கணக்கு இதுதான். தொட்டியின் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 7 அடி. தொட்டியின் தலை திறந்திருப்பதால் அந்த மட்டத்தில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான். அதற்கு மேலே பைப்பில் ஏறுகிற ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் குறையும். தோரண உச்சி 10 அடி மேலே, அதாவது 3 மீட்டர். 10 மீட்டர் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்தால், உச்சியில் வெளிக்காற்றைவிட 0.3 கிலோ குறைவு. அங்கே ஓட்டை போட்டால் காற்று உள்ளேதான் வரும். உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் 'ஸ்ஸ்ஸ்' சத்தம் ஒன்றுதான். காற்று உள்ளே வந்ததும், உச்சியில் தொங்கிக்கொண்டிருந்த தண்ணீர் பாய்லருக்கு இறங்கித் தொட்டி வழிந்தது. அந்த அம்மா சொன்னது அதைத்தான்.

பம்பு நின்ற இடம் அதைவிட மோசம். ரிட்டர்ன் முடிவில் நின்றுகொண்டு திறந்த தொட்டிக்குள் தள்ளுகிற பம்பு, தள்ளி எந்த லாபமும் இல்லை. அதன் வேலை முழுவதும் இழுப்பதுதான். பைப், காயில், எல்போ எல்லாம் உறிஞ்சும் பக்கம் ஆகிவிட்டன. பம்பைப் பெரிதாக்கினால் ஓட்டம் கூடும், உராய்வு கூடும், உறிஞ்சலும் கூடும். வென்ட்டில் மட்டும் அல்லாமல், தண்ணீர் ஒழுகாத கிளாண்ட் (வால்வு, பம்பு தண்டைச் சுற்றிய அடைப்பு), திரெட் (பைப் மரை) வழியாகக்கூடக் காற்று நுழையும். வென்ட்டை மொத்தமாக அடைத்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது. 0.3 கிலோ குறைந்த இடத்தில் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பம்பின் உறிஞ்சும் வாயில் அதற்கும் முன்னாலேயே. அந்தக் 'கரகர' அதுதான்.

தோரணத்தை அறுத்து எறிந்தோம். தடத்துக்குக் குறுக்கே மூன்றடிக் குழி வெட்டி, பைப்புக்கு இன்சுலேஷன் சுற்றி, மேலே ஸ்லாப் போட்டு மூடினோம். பம்பைச் சப்ளை பக்கம், பாய்லரின் அடியில், தொட்டி மட்டத்துக்குக் கீழே நிறுத்தினோம். பழைய ஒரு எச்பிதான். மூன்று ரூமும் சூடாயின. ரிட்டர்ன் பைப் பாய்லருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற கேட் வால்வைக் கொஞ்சம் மூடி வைக்கச் சொன்னார் பெரியவர். அதனால் லைன் முழுவதும் சற்று அழுத்தத்தில் இருக்கும், காக்கைத் திறந்தால் காற்று வெளியேதான் போகும்.

ஆகவே லைன் போடும் முன்பே, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணி டியூபை எடுத்துத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தை டிரையர் ரூம் சுவரில் குறித்துவிடுங்கள். எந்தப் பைப்பும், எந்தக் காயிலின் தலையும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மாடி ரூமுக்குத்தான் சூடு வேண்டும் என்றால், நடுவில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு தண்ணீரும் கலக்காமல் தகடு வழியாகச் சூட்டை மட்டும் மாற்றுவது) வைத்து, மாடிக்குத் தனியாக அழுத்தத்தோடு மூடிய சுற்று போடுங்கள். செலவுதான். கொப்பரை அழுகுவதைவிடக் குறைவு.

வெள்ளகோவில் பையனின் லைனிலும் கேட்டுக்கு மேலே 14 அடியில் பைப். ஊதுபத்தியோடு போனேன்.

தினமும் தண்ணீர் விடுவது

"காலையில ரெண்டு கொடம் ஊத்துனாப் போதுங்" என்பார்கள், ஏதோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி. ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் புதுக் காற்று. அதிலிருக்கும் ஆக்சிஜன் பைப்பை அரிக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு கேட்கவே வேண்டாம்: காயிலில் படியும், ஆட்டோ வென்ட்டின் மிதவையில் படியும், ஒரு வருடத்தில் அது திறக்கவும் செய்யாது மூடவும் செய்யாது. திறந்த தொட்டியில் ஆவியாகக் கொஞ்சம் போகும். இரண்டு குடம் போனால் அது ஒழுக்கு. மண்ணுக்கடியில் போகும் ஜாயிண்டில் தேடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆறிய தண்ணீரைத் தொட்டி விளிம்பு வரை நிரப்பிவிட்டு, சூடானதும் வழிகிறதே என்பார்கள். 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் 1000 லிட்டர் ஏறக்குறைய 30 லிட்டர் பெருக்கும். அந்த இடத்தை விட்டுவைத்து நிரப்புங்கள்.

பம்பின் உறிஞ்சும் வாயில் தப்பான ரெட்யூசர்

இரண்டு அங்குல பைப்பை ஒன்றரைக்குக் குறைக்கும்போது புனல் மாதிரி நடுமைய ரெட்யூசர் போட்டால், மேல் மூலையில் காற்று தங்கும். ஒருபக்கம் தட்டையான எக்சென்ட்ரிக் ரெட்யூசர் வாங்கி, தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுங்கள்.

சகதியைக் காற்று என்று நினைப்பது

காக்கைத் திருகும் முன்னால் காயிலைத் தொட்டுப் பாருங்கள், கையில் துணி சுற்றிக்கொண்டு. மேல் வரிசை ஆறி, கீழ் வரிசை சூடாக இருந்தால் காற்று. மேலே சூடு, கீழே ஆறல் என்றால் துருவும் உப்பும் படிந்த சகதி. அதற்கு டிரெயினைத் திறந்து அலச வேண்டும், ஸ்ட்ரெய்னரை (லைனில் இருக்கும் வடிகட்டி) கழற்றிக் கழுவ வேண்டும். முழுக் காயிலும் வெதுவெதுப்பு, சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் ஓட்டமே குறைவு. தெர்மாமீட்டர் இரண்டு வாங்கிச் சப்ளையிலும் ரிட்டர்னிலும் ஒவ்வொன்று வையுங்கள். மோட்டார் விலைக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

தடிமனான பைப் நல்லது என்று நினைப்பது

காற்றுக் குமிழியைத் தண்ணீர் தன்னோடு இழுத்துப்போக வேண்டும் என்றால் வினாடிக்கு 2 அடி வேகமாவது வேண்டும். ஒரு எச்பிக்கு மூன்று அங்குல பைப் போட்டால் தண்ணீர் கோயில் தேர் மாதிரி நகரும். குமிழி இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆட்டோ வென்ட்டின் மூடி

தலையிலுள்ள சின்ன மூடியை இரண்டு திருகு தளர்த்தி வையுங்கள். இறுக்கி மூடிவிட்டு வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பாய்லர் வென்ட் குழாயில் வால்வு

பாய்லருக்குள் அழுத்தம் சேராமல் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் குழாய் அது. அதில் வால்வு வைக்கவே கூடாது.

கரண்ட் வந்ததும் பம்பைப் போடுவது

கரண்ட் போனால் பம்பும் ஃபேனும் நிற்கும். விறகு நிற்காது. கேஸ் அடுப்பு மாதிரி திருகி அணைக்க முடியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பும், பைப்பின் தலைப்பகுதியில் காற்றோடு ஆவியும் சேரும். அரை மணி கழித்துக் கரண்ட் வந்ததும் பம்பைத் தட்டினால் பைப் 'டமார் டமார்' என்று அடிக்கும். ஜாயிண்ட் விட்டுப்போன இடமும் பார்த்திருக்கிறேன். கரண்ட் போன உடனே அடுப்புக் கதவையும் காற்றுத் தட்டையும் மூடச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் குறைந்து இரும்பு காய்ந்திருந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நெருப்பை வெளியே இழுத்துவிட்டுத் தானாக ஆற விட வேண்டும். கரண்ட் வந்த பிறகும் தெர்மாமீட்டர் 85க்குக் கீழே இறங்கும்வரை பம்பு சுவிட்சைத் தொட வேண்டாம். இதைக் கரியால் கொட்டகைச் சுவரில் எழுதிவையுங்கள், ராத்திரி விறகு போடுகிறவருக்கு உங்கள் போன் நம்பரோடு.