பரிணாமமும் தத்துவமும்: அறிமுக வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரங்கிலிருந்து மனிதன் வந்தானா என்ற ரகக் குழப்பங்களை விட்டுவிடுவோம்; அவற்றைத் திருத்த ஆட்கள் உண்டு. இங்கே சொல்வது விஷயம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகளை.

சுற்றுவாதப் புதிரைப் போட்டுவிட்டு நழுவுவது

"தகுதியுள்ளவை பிழைக்கும். எவை தகுதியுள்ளவை? பிழைத்தவை." இதைப் பலகையில் எழுதி, சூழலுக்கு ஏற்றவை பிழைத்துப் பெருகும் என்கிற இயற்கைத் தேர்வுக் கோட்பாடே வெறும் சுற்றுவாதம் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். துணைக்கு அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரையும் அழைப்பார்கள். இயற்கைத் தேர்வைச் சோதிக்க முடியாது என்ற கருத்தை 1978இல் அச்சான உரையில் அவரே திரும்பப் பெற்றதை மட்டும் சொல்லமாட்டார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

புதிருக்கு முன்னால் தரவைக் காட்டுங்கள். பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜர், 1977 வறட்சி. சிறு விதைகள் தீர்ந்து, நெருஞ்சி வகையின் கெட்டிக் காய்கள் எஞ்சின. எந்தக் குருவிகள் பிழைக்கும்? இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். தடித்த அலகுள்ளவை என்று வகுப்பே சொல்லிவிடும், பிழைத்தவற்றை எண்ணிப் பார்க்காமலே. அங்கே அந்தக் குருவிகளை ஆய்ந்த உயிரியலாளர்களான கிராண்ட் தம்பதியின் அளவீடுகளும் அதையே காட்டின. 1983 பெருமழைக்குப் பின் சிறு விதைகள் மலிந்ததும் தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. அலகையும் விதையையும் முன்கூட்டியே அளக்க முடிகிறபோது சுற்று எங்கே இருக்கிறது?

பிறகு இரட்டையர்களைக் கொண்டுவாருங்கள். எல்லா வகையிலும் ஒத்த இருவரில் ஒருவர் மின்னல் தாக்கி இறக்கிறார். மற்றவருக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன. வாரிசுகளை எண்ணித்தான் தகுதி என்றால் இவர்கள் தகுதியில் வேறுபட்டவர்கள் ஆகிவிடுவார்கள். தத்துவவாதிகள் சூசன் மில்ஸ், ஜான் பீட்டி இருவரும் 1979இல் சொன்ன விடை: தகுதி என்பது முடிந்த கணக்கல்ல, பிழைத்துப் பெருகுவதற்கான உள்ளார்ந்த வாய்ப்பு. தண்ணீரையே தொடாத உப்புக்கும் கரையும் தன்மை இருப்பதைப் போல.

இதோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். ஆண்டுதோறும் 2 மடங்காகப் பெருகும் வகைக்கும், ஓராண்டு 1, மறு ஆண்டு 3 என்று பெருகும் வகைக்கும் சராசரி ஒன்றே. ஈராண்டு முடிவில் முன்னது 4 மடங்கு, பின்னது 3 மடங்கு. அப்படியானால் எந்த எண்ணைத் தகுதி என்பது? தத்துவவாதிகள் மல்லுக்கட்டுவது இங்கேதான்.

எல்லாப் பண்புக்கும் பயன் தேடுவது

இரத்தத்தின் சிவப்பு எதற்கும் பயன்படத் தேர்வாகவில்லை, ஹீமோகுளோபினோடு ஒட்டிவந்தது. எல்லாப் பண்பையும் தேர்வின் விளைவாகப் பார்ப்பதைச் சாடிய உயிரியலாளர்கள் கூல்ட், லெவோன்டின் கட்டுரை (1979) வரை போக நேரமில்லாவிட்டால் இந்த ஒரு உதாரணம் போதும்.

இயற்கையில் உள்ளதால் நியாயம் என்பது

அனுமன் மந்திக் கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண், குட்டிகளைக் கொல்வதுண்டு. அதனிடம் நெறி கேட்போமா?

கடவுளில் தொடங்குவது

வேண்டாம். மணி அடிக்கும்வரை அதிலேயே போய்விடும்.