மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐ: காலண்டரும் மெயிலும் படிக்கும் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவுட்லுக் மெயில், காலண்டர் போன்ற மைக்ரோசாஃப்ட் 365 தரவை நம் நிரல் கேட்டு வாங்கும் வழிதான் கிராஃப் ஏபிஐ. டோக்கன் (நுழைவுச் சாவி) காலாவதியாவது, அனுமதி வாங்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். 401, 403 என்ற பிழை எண்களைக் காட்டி சர்வரே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். ஆபத்தெல்லாம் 200, அதாவது 'வெற்றி', என்ற பதிலோடு வரும் அரைகுறைத் தரவில்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் இவை.

ஈவென்ட்ஸ் முகவரியிடம் காலண்டரைக் கேட்பது

ஒருவருக்கு எப்போது நேரம் இருக்கிறது என்று பார்த்து நேர்காணல் ஒதுக்கும் ஸ்கிரிப்ட். பெரும்பாலோர் ஈவென்ட்ஸ் முகவரியை அழைத்து, தொடக்க நேரத்தின் மேல் இன்றைய தேதிக்கு ஃபில்டர் போடுவார்கள். சோதனைக்காகப் புதிதாய் ஒரு மீட்டிங் போட்டுப் பார்த்தால் சரியாக வரும். திங்கள்தோறும் 10 மணிக்கு நடக்கும் மீட்டிங் மட்டும் வராது. அந்த நேரம் காலி என்று சொல்லி, ஸ்கிரிப்ட் அதிலேயே நேர்காணலை வைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் இருக்காது. வாரக்கணக்கில் யாருக்கும் காரணம் பிடிபடாது.

தொடர் மீட்டிங்கை ஈவென்ட்ஸ் முகவரி சீரீஸ்மாஸ்டர் என்ற ஒரே பதிவாகத்தான் தரும். அதன் தொடக்கத் தேதி, தொடர் ஆரம்பித்த நாள். 2024 ஜனவரியில் ஆரம்பித்தது 2025 மார்ச் ஃபில்டரில் எப்படிச் சிக்கும்?

இதைக் கண்டுபிடித்த பிறகு செய்வது இன்னும் எரிச்சல்: மீட்டிங் எப்படித் திரும்ப வரும் என்ற விதியைச் சொல்லும் ரிக்கரன்ஸ் புலத்தைப் படித்துத் தேதிகளைத் தாங்களே கணக்குப் போடுவார்கள். ஒரு வாரம் மட்டும் செவ்வாய்க்குத் தள்ளியதும், ஒரு வாரம் நீக்கியதும் அந்தப் புலத்தில் இருக்காது.

கேட்க வேண்டியது காலண்டர்வியூ என்ற இன்னொரு முகவரியை. தொடக்கம், முடிவு இரண்டும் கொடுத்தால், தள்ளியவை, நீக்கியவை எல்லாம் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியாக விரித்துத் தரும். அதிலும் சில கண்ணிகள் உண்டு:

- அந்த இரு நேரங்களில் +05:30 போன்ற வித்தியாசம் எழுதாவிட்டால் யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும். டைம்ஜோன் கேட்கும் ப்ரிஃபர் ஹெடர் (கோரிக்கையோடு அனுப்பும் விருப்பக் குறிப்பு), பதிலில் வரும் நேரங்களை மட்டுமே மாற்றும்.
- முகவரியில் கூட்டல் குறியை என்கோடு செய்யாமல் விட்டால் அது இடைவெளியாகிவிடும்.
- நேரம் 09:00:00.0000000 என்று 7 தசம இலக்கங்களோடு வரும். பைத்தானில் நேரத்தைப் படிக்கும் எஸ்டிஆர்பிடைம் 6 வரைதான் ஏற்கும். டைம்ஜோன் பக்கத்தில் தனிப் புலமாக இருக்கும். அதைப் படிக்காமல் உள்ளூர் நேரம் என்று எண்ணிவிடாதீர்கள்.
- நள்ளிரவைத் தாண்டும் மீட்டிங் இரண்டு நாள் தேடலிலும் வரும். கூட்டும்போது ஐடியை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள்.
- ஷோஆஸ் புலம் ஃப்ரீ என்றிருந்தாலோ, ரத்தானதைச் சொல்லும் இஸ்கேன்சல்டு புலம் ட்ரூ என்றிருந்தாலோ அந்த நேரம் காலிதான்.

முதல் பக்கத்தோடு நிறுத்துவது

சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 10 பதிவுகள்தான் வரும், மெயிலானாலும் காலண்டரானாலும். மெயிலில் டாப் என்ற அளவைக் கொடுத்து 1000 வரை கேட்கலாம். பதிலில் நெக்ஸ்ட்லிங்க் (அடுத்த பக்கத்தின் முகவரி) இருக்கும்வரை சுற்றுங்கள். பக்கம் காலியாக வந்தாலும் லிங்க் இருந்தால் இன்னும் முடியவில்லை.

நெக்ஸ்ட்லிங்க்கை வெட்டி ஒட்டுவது

வேண்டாம். வந்தபடியே அழையுங்கள்.

429 வந்ததும் உடனே மறுபடி தட்டுவது

ஒரு செயலிக்கு ஒரு மெயில்பாக்ஸில் 10 நிமிடத்துக்கு 10,000 கோரிக்கைகள், ஒரே நேரத்தில் 4. அதற்கு மேல் போனால் 429. ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் வரும் விநாடிகள் காத்திருங்கள். பேட்ச்சில் 20 கோரிக்கைகளைக் கட்டி அனுப்பினால் வெளியே 200 வரும், உள்ளே சில 429 ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றின் ஸ்டேட்டஸையும் பாருங்கள்.

மெயில் ஐடியை அப்படியே சேமிப்பது

மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் ஐடி மாறிவிடும். முதல் நாளிலிருந்தே ப்ரிஃபர் ஹெடரில் இம்யூட்டபிள்ஐடி (நகர்த்தினாலும் மாறாத ஐடி) கேளுங்கள்.

ஆப் பெர்மிஷனோடு "மீ" முகவரியை அழைப்பது

ஆப் பெர்மிஷன் என்றால் பயனர் யாரும் உள்நுழையாமல் செயலியே தன் பெயரில் இயங்குவது. அங்கே "மீ" என்று யாரும் இல்லை. யூசர்ஸ் முகவரியில் பயனர் ஐடியைக் கொடுங்கள்.