பழைய மினி காரின் கேட் மாடலை இறக்கி, அளவு பார்த்து, அச்சிடுவது எப்படி?

பழைய கார் ஒன்றின் கேட் மாடலை (CAD, அதாவது கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவத்தை) இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் இருபது சிக்கும். அதில் அழகான ஒன்றை எடுத்து அப்படியே 3டி பிரிண்டருக்கு அனுப்பினால், காருக்குப் பதில் நூடுல்ஸ் வரும் வாய்ப்புதான் அதிகம். நான் முதன்முதலில் இறக்கிய ஃபைலைத் திறந்தபோது திரையில் ஒரு புள்ளிதான் தெரிந்தது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது: அது கார்தான், நீளம் வெறும் 3 மில்லிமீட்டர். மீட்டரில் வரைந்ததை மென்பொருள் மில்லிமீட்டராகப் படித்திருக்கிறது.

அதனால் இந்தப் பதிவில் தேடுவதைவிட அளந்து பார்ப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். எடுத்துக்காட்டுக்கு 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த மினி. இலக்கு, 1:24 அளவில் (உண்மைக் காரின் 24-ல் ஒரு பங்கு) மேசை மேல் வைக்க ஒரு கார்.

படி 1: எந்த மினி என்று முடிவு செய்யுங்கள்

வெறும் ‘மினி’ என்று தேடினால் மினி வேன், மினியேச்சர் பொம்மை, 2001-க்குப் பிறகு பி.எம்.டபிள்யூ. தயாரித்த புதிய மினி எல்லாம் வந்து குவியும். புதியது 2001-ல் வந்தபோதே 3.6 மீட்டர் நீளம். பழையதன் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் மாதிரி இருக்கும். பழைய கார் முதலில் ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி மைனர் என்ற இரண்டு பெயர்களில் விற்பனைக்கு வந்தது. தேடும்போது இந்தப் பெயர்களில் ஒன்றையோ, ‘ஆஸ்டின் மினி’ என்பதையோ ஆங்கிலத்தில் கொடுத்து, கூடவே 1959 என்று ஆண்டையும் சேருங்கள்.

படத்தைப் பார்த்தே வகையை ஓரளவு சொல்லிவிடலாம். கதவுக் கீல்கள் வெளியே தெரிந்து, கண்ணாடி பக்கவாட்டில் நகர்வதாக இருந்தால் அது ஆரம்பகால மினி. கீல் மறைந்து, கண்ணாடி மேலும் கீழும் இறங்கினால் 1969-க்குப் பிந்தைய வடிவம். முகம் சதுரமாக இருந்தால் கிளப்மேன். 2000 வரை உற்பத்தியில் இருந்த கார் என்பதால், ஒரே மாடலில் மூன்று காலத்துப் பாகங்களைக் கலந்து வைத்திருப்பவர்களும் உண்டு.

படி 2: ஃபைல் வகையைப் பாருங்கள்

கிராப்கேட் தளத்தில் பொறியியல் மாணவர்கள் வரைந்த மாடல்கள் நிறைய இருக்கும். திங்கிவர்ஸ், பிரிண்டபிள்ஸ் இரண்டும் 3டி அச்சுக்காகவே இருப்பவை. ஸ்கெட்ச்ஃபேபில் இறக்கும் முன்பே மாடலைச் சுழற்றிப் பார்க்கலாம்; ஆனால் அங்கிருப்பவற்றில் பல, கண்ணுக்காகச் செய்தவை.

ஸ்டெப் ஃபைலுக்கும் எஸ்.டி.எல். ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குத் தையல் கடையை வைத்துத்தான் சொல்லத் தெரியும். ஸ்டெப் என்பது தையல்காரரின் அளவுச் சீட்டு. கை நீளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் சீட்டில் பார்த்து மாற்றிவிடலாம். எஸ்.டி.எல். என்பது தைத்து முடித்த சட்டை. அதை மாற்ற தையலைப் பிரிக்க வேண்டும். அதில் வளைவு என்று எதுவுமே கிடையாது. ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்கள்தான். பாகங்களை மாற்றி வடிவமைக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டெப் தேடுங்கள். அச்சிட மட்டும் என்றால் எஸ்.டி.எல். போதும். எஸ்.டி.எல்.லை ஸ்டெப் ஆக மாற்றித் தருகிறோம் என்று சொல்பவற்றை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தனி முகமாக மாறி, கணினி திணறும்.

இறக்கும் முன் உரிமக் குறிப்பையும் படித்துவிடுங்கள். ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்றிருந்தால், அச்சிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. ‘மாற்றங்கள் கூடாது’ என்றிருந்தால், நீங்கள் திருத்திய வடிவத்தை வேறு யாருக்கும் பகிர முடியாது. வரைந்தவர் அனுமதித்தாலும் மினி என்ற பெயரும் சின்னமும் பி.எம்.டபிள்யூ.வுக்குச் சொந்தம் என்பதால், அவற்றோடு விற்கப் போவது தனிச் சிக்கல்.

படி 3: டேப்பை எடுங்கள்

சரி, இப்போது முக்கியமான வேலை. மாடலை ஃப்ரீகேடில் திறந்து (இலவச மென்பொருள், இதற்குத் தாராளமாகப் போதும்) அளக்கும் கருவியால் இரண்டே இரண்டை அளந்து கொள்ளுங்கள்: பம்பர் முதல் பம்பர் வரை மொத்த நீளம், முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையுள்ள வீல்பேஸ். உண்மையான காரில் நீளம் 3054 மி.மீ., வீல்பேஸ் 2036 மி.மீ.

மாடலில் நீளம் 3.05 என்று வந்தால் வரைந்தது மீட்டரில், 1000-ஆல் பெருக்குங்கள். 305 என்றால் சென்டிமீட்டர், 10-ஆல். 120 என்றால் அங்குலம், 25.4-ஆல். எஸ்.டி.எல். ஃபைலில் எந்த அலகு என்று எழுதி வைக்கும் வழக்கமே இல்லாததால்தான் இவ்வளவு குழப்பமும்.

அலகு எதுவாக இருந்தாலும் இன்னொரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 2036-ஐ 3054-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக மூன்றில் இரண்டு. ஆக, மாடலின் வீல்பேஸை அதன் நீளத்தால் வகுத்தால் 0.667 வர வேண்டும். 0.64, 0.69 என்று வந்தால் வரைந்தவர் எங்கோ இழுத்துவிட்டிருக்கிறார் என்று பொருள். பம்பர் இல்லாத மாடலாக இருந்தால் நீளம் குறைந்து விகிதம் கொஞ்சம் ஏறும், அதை மட்டும் கவனியுங்கள்.

இந்த விகிதத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மினியின் முகமே சக்கரங்கள் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே செருகி, சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். சக்கரம் கொஞ்சம் உள்ளே வந்தாலும் அது வேறு ஏதோ காராகிவிடும்.

விகிதம் சரியில்லாத மாடலை ஒரு பக்கமாக இழுத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். நீளவாக்கில் இழுத்தால் வட்டச் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். வேறு மாடல் தேடுவதே மேல். வீல்பேஸ் 2138 என்று வந்தால் மட்டும் பதற வேண்டாம். அது நீள உடல் கொண்ட எஸ்டேட், வேன் போன்ற வகையாக இருக்கும்.

அப்புறம் சக்கரம். ஆரம்பகால மினியின் ரிம் 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. ‘நன்றாக இருக்கும்’ என்று 13 அங்குலம் மாட்டி வரைந்தவர்கள் நிறைய. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 1959 என்று சொல்லாதீர்கள்.

படி 4: சுருக்கும் முன் தடிமன்

1:24-க்குச் சுருக்கினால் நீளம் 127 மி.மீ., வீல்பேஸ் 85 மி.மீ. உள்ளங்கையில் அடங்கும். சிக்கல் இங்கேதான். காரின் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், 24-ஆல் வகுத்ததும் 0.04 மி.மீ. ஆகிவிடும். பிரிண்டரில் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையின் (நாசில்) துளையே வழக்கமாக 0.4 மி.மீ. தன் துளையில் பத்தில் ஒரு பங்கை அதால் எப்படி அச்சிட முடியும்? வரையும்போது துல்லியமாக இருந்தவர்களின் மாடல்தான் இங்கே முதலில் உடையும் என்பது வேடிக்கை.

அச்சில் 1.2 மி.மீ. சுவர் வேண்டுமென்றால் முழு அளவில் 28.8 மி.மீ. வேண்டும். மாடலை பிளெண்டரில் (இதுவும் இலவச 3டி மென்பொருள்) திறந்து, தடிமன் சேர்க்கும் சாலிடிஃபை என்ற மாடிஃபையரைப் போட்டு, தடிமன் 29 மி.மீ. என்று கொடுத்து, உள்பக்கமாக மட்டும் வளரச் செய்யுங்கள். வெளிப்பக்கம் வளர்ந்தால் நீங்கள் அளந்ததெல்லாம் போச்சு. உடல் ஒற்றைத் தாள் போல, தடிமனே இல்லாமல் வரையப்பட்டிருந்தால் மட்டும்தான் இது நேராக வேலை செய்யும். உள்ளே சீட், டேஷ்போர்டு எல்லாம் இருந்தால் முதலில் அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள்.

மினியின் உடலில், தகடுகளைப் பற்றவைத்த விளிம்புகள் வெளிப்பக்கமாகவே துருத்திக்கொண்டிருக்கும். பற்றவைப்பது சுலபமாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். இன்று அதுதான் காரின் அடையாளம். சின்ன அளவில் அவை மறைந்துபோகும். எனவே அவற்றை மட்டும் பொய்யாகக் கொஞ்சம் தடிக்க வையுங்கள், அச்சில் 0.8 மி.மீ. வருமாறு. வைப்பர், ஏரியல் போன்றவற்றை அழித்துவிடலாம். ஏரியலுக்குப் பிறகு ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக ஓட்டைச் சோதனை. பிளெண்டரின் 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ் ஆட்-ஆன், மூடாத விளிம்புகளை எண்ணிக் காட்டும். எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை அடைத்துக்கொண்டே வாருங்கள். பொறுமை வேண்டிய இடம். தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

படி 5: அச்சிடுவது

எஸ்.டி.எல். ஆக ஏற்றுமதி செய்து, ஸ்லைசரில் (மாடலை அடுக்கடுக்காக வெட்டி பிரிண்டருக்குத் தரும் மென்பொருள்) அளவை 4.167 சதவீதம் என்று வையுங்கள். நீளம் 127 என்று காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உடலை நிமிர்த்தி வைத்தே அச்சிடலாம். கூரைக்கு அடியில் மட்டும் முட்டு கேட்கும். சக்கரங்களை உடலோடு சேர்க்காமல், படுக்கவைத்துத் தனியாக அச்சிடுங்கள். ரிம் 10.6 மி.மீ. இருக்கும். அச்சுத்தண்டு 2 மி.மீ. என்றால் துளையை 2.2 மி.மீ. வைத்து, முதலில் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் அச்சிட்டுச் செருகிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் துளையை 0.1 கூட்டுங்கள். சுழன்றால் மீதி மூன்றையும் அனுப்பிவிடலாம்.