வீடு கேட்டு ஒரு குடும்பம் வந்தால்: மதுரையில் உதவ நினைப்பவர்களுக்கு

செல்லூரில் நாங்கள் நடத்தும் அறக்கட்டளை மிகச் சிறியது. வாடகைக்குப் பிடித்த ஒரு அறை, ஒரு பீரோ, என்னோடு சேர்த்து மூன்று பேர். வீட்டுப் பிரச்சினையோடு வரும் குடும்பங்களுக்குக் கூட நிற்பதுதான் வேலை. புதிதாகச் சேரும் கல்லூரிப் பிள்ளைகளும், தங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களும் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

"ஒரு வீடு பார்த்துக் குடுங்கக்கா" என்று ஒருவர் வந்தால், உடனே வீடு தேடக் கிளம்ப வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு இருக்கிற வீட்டிலேயே இன்னும் ஆறு மாதம் தள்ள வழி செய்தால் போதும். இரண்டு மாத பாக்கியைக் கட்டுவதற்கு ஆகும் பணம், புது அட்வான்ஸ், வண்டிக் கூலி, பிள்ளையின் பள்ளி மாற்றம் எல்லாவற்றையும் விடக் குறைவு. வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். போனில் பேசினால் கோபம்தான் வரும். பாக்கியை நீங்கள் கட்டுவதாக இருந்தால் அவருடைய வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ நேராகப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டிலாவது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர்கள் வீட்டில் போய் உட்காருங்கள். உங்கள் அலுவலகத்துக்கு வரவழைத்துக் கேட்டால் பாதிக் கதைதான் வரும். ஒரு தாளில் நான் எழுதிக்கொள்வது இவ்வளவுதான்: யார் யார் சம்பாதிக்கிறார்கள், எத்தனை மணிக்கு எங்கே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளி, ரேஷன் கார்டு எந்தக் கடையில், கடன் எவ்வளவு. கடனைக் கேட்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். முதலில் குழு லோனைச் சொல்வார்கள். தினம் வந்து வசூலிக்கிற தண்டல்காரர் பெயர் அரை மணி நேரம் கழித்து வரும். நாளுக்கு நாள் ஏறுகிற மீட்டர் வட்டி இருந்தால் கடைசியில்தான், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அது தெரியாமல் நீங்கள் கொடுக்கும் அட்வான்ஸ் பணம் வட்டிக்காரர் பைக்குத்தான் போகும். அதிக வட்டியைத் தடை செய்து 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மிரட்டல் இருந்தால் புகாருக்கும் துணைக்குப் போக வேண்டியிருக்கும்.

வேலைக்குப் போகும் நேரத்தை ஏன் எழுதுகிறேன் என்றால், வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன் பூ எடுத்துக் கட்டி விற்கிற பெண்ணை, வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் பஸ் இல்லாத நேரத்தில் அது உதவாது. ராஜாக்கூர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு மாதிரித் தள்ளி இருக்கும் இடங்களில் ஒதுக்கீடு வந்தால் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. காலையில் எப்படி வேலைக்கு வருவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பழைய இடத்துக்கே திரும்பி வந்து வாடகைக்கு இருந்துகொண்டு, கிடைத்த வீட்டை யாருக்காவது உள்வாடகைக்கு விட்டால் ஒதுக்கீடே ரத்தாகலாம்.

சரி, வேறு வாடகை வீடு பார்த்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செல்லூர், ஆரப்பாளையம், வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம் நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாவது லைன் வீடுகள்தான். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஐந்தாறு குடும்பத்துக்குப் பொதுவான கக்கூஸ். வீடு பார்க்கச் சாயங்காலம் போங்கள், எல்லாரும் இருக்கும் நேரம். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்துப் போர்ஷனில் கேளுங்கள். சுவரைப் பாருங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய்ப் பக்கமும் பந்தல்குடி வாய்க்கால் ஓரமும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அதற்கப்புறம் வெள்ளை அடித்திருந்தாலும் கதவு நிலையின் அடி மரம் உண்மையைச் சொல்லும். கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார், தனி மீட்டரா என்று முன்கூட்டியே பேசுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். லைன் வீட்டில் ஒரே இணைப்பு என்றால் அந்த லாபம் யாருக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் நம் பக்கம். வாடகைதாரர் உரிமைகள் குறித்த தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது; ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதைப் பதிவும் செய்ய வேண்டும். நடப்பில் பத்து மாதம் கேட்பார்கள். சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் வீடே கிடைக்காது என்பதும் நிஜம். நான் சட்டம் இப்படி இருக்கிறது என்று ஒரு முறை சொல்லிவிட்டு, ஐந்து மாதத்துக்காவது இறக்கப் பார்ப்பேன். எழுத்து ஒப்பந்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆதாரில் முகவரி மாற்றுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

ஒத்திக்குப் போக வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நகையை விற்று இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது மதுரையில் எல்லாருக்கும் பிடித்த ஏற்பாடு. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து ஜப்திக்கு வந்தால் நம் பணம் நடுத்தெருவில். ஒத்திதான் வேண்டும் என்று நின்றால், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பத்திரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெறும் ஸ்டாம்பு பேப்பர் கையெழுத்து போதாது.

புருஷன் இல்லாத பெண்ணுக்கு வீடு பிடிப்பது எல்லாவற்றிலும் கடினம். "ஆம்பள இல்லாத வீடா? வேண்டாம்மா" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். இன்னொரு கேள்வியும் வரும்: "நீங்க என்ன ஆளுங்க?" "வாடகை குடுக்கிற ஆளுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன். அப்படிக் கேட்கிற வீட்டில் குடியேற்றினால் தினம் ஒரு சண்டைதான். இம்மாதிரி நேரத்தில் அந்தத் தெரு மகளிர் குழுத் தலைவியைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. முதல் ஆறு மாதம் வாடகை தவறினால் எங்களிடம் பேசுங்கள் என்று நம் நம்பரைக் கொடுத்தால் பல வீட்டுக்காரம்மாக்கள் இறங்கி வருவார்கள்.

வீட்டில் அடி உதை என்று வருகிறவர்கள் விஷயம் வேறு. அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். போலீஸ், மருத்துவம், வக்கீல் உதவி அங்கேயே கிடைக்கும். ஆனால் அவர்தான் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று இல்லை. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் கூடி வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ல் கூப்பிடலாம். இருப்பதா போவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சொந்த வீட்டுத் திட்டங்களுக்கு வருவோம். கையில் பட்டா இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மாநகராட்சிக்குள் பட்டா இடம் இருந்தால் பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில், தானே கட்டிக்கொள்ளும் பிரிவில் மனு போடலாம். நாட்டில் வேறெங்கும் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு ஒன்றரை லட்சம், அதன் மேல் மாநிலப் பங்கு. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் என்றால், குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். கொத்தனாராகவோ சித்தாளாகவோ நல வாரியத்தில் பதிந்திருந்தால் அந்த வாரியத்தின் வீட்டு உதவியையும் விசாரியுங்கள். இடமே இல்லாதவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2021-ல் பெயர் மாறியும் ஊரில் இன்னும் குடிசை மாற்று வாரியம்தான். அங்கே பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும் என்பதை ஒதுக்கீடு வந்த பிறகு கேட்டு அதிர்ந்து நிற்பவர்கள் அதிகம். மனு போடும் அன்றே அதற்குச் சேமிப்பைத் தொடங்கிவிடுங்கள்.

என்னைப் போன்ற சின்ன அறக்கட்டளை உருப்படியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டென்றால் அது பேஸ்மட்டக் கடன். திட்டப் பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம் முடிந்து போட்டோ எடுத்த பிறகு ஒரு தவணை, லிண்டலில் ஒன்று, கூரையில் ஒன்று என்று வரும். முதல் செலவைக் குடும்பமே போட வேண்டும். அங்கேதான் வட்டிக்காரர் நுழைகிறார். அந்த முதல் தொகையை வட்டியில்லாமல் கொடுத்து, தவணை வரும்போது திரும்ப வாங்கி அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள். சிமெண்டும் கம்பியும் கடையில் நேரடியாகக் கட்டி வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. உங்களிடம் அவ்வளவு பணம் இல்லையென்றால் மகளிர் குழுவில் சேர்த்துவிடுங்கள். மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் போன்றவற்றில் சேமித்துக் கடன் எடுப்பது தண்டலை விட ஆயிரம் மடங்கு தேவலை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வீடு போகும்போது முதலில் கேட்கிற யோசனை "இதுகளை ஏதாவது ஹோம்ல சேத்து விடுங்கக்கா" என்பதுதான். வறுமைக்காக மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று மாதம் 4,000 ரூபாய் உண்டு. அப்பா இறந்துபோன, கைவிட்டுப்போன, தீராத நோயில் கிடக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை. குடும்ப வருமானம் நகரத்தில் ஆண்டுக்கு 96,000-க்குள், கிராமத்தில் 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். கிடைக்க நாளாகும், எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. கேட்காமல் விடுவது மட்டும் கூடாது. வீடு மாறினாலும் நடு வருடத்தில் பள்ளி மாற்றாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் கிடைக்கிறது என்பது இந்தக் குடும்பங்களின் கணக்கில் பெரிய வரவு. அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதே நம் மதுரையில்தான்.

காகிதங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக் கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், வருமானச் சான்று, சாதிச் சான்று, வாடகை ஒப்பந்தம், கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், தானாகக் குறையும். எல்லாக் காகிதத்திலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் நாளே சரிபாருங்கள். ஆதாரில் முத்துலட்சுமி, ரேஷன் கார்டில் முத்துலெட்சுமி என்று இருந்தால் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். காலையிலேயே போய்விடுங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள், கோபப்படாதீர்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். பட்டாவும் பென்ஷனும் ஒரே தாளில் எழுதினால் இரண்டு துறைக்கும் நடுவில் தொலைந்துபோகும். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். மனு எண் வாங்காமல் திரும்ப வேண்டாம். குடும்பத்தின் போன் நம்பர் ரீசார்ஜ் தீர்ந்தால் மாறிவிடும், அதனால் உங்கள் நம்பரையும் கீழே எழுதுங்கள். பதில் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது, அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.